பனிக்கட்டி மிதப்பதால் பிறந்த அருவிகள்

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிகிறது. எடை மாறாமல் இடம் மட்டும் கூடுவதால், பனிக்கட்டி தண்ணீரைவிட லேசாகி மிதக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் தென்கரையில் வரிசைகட்டி விழும் அருவிகளை இன்றைய வடிவில் செதுக்கித் தந்தது பெரும்பாலும் இந்த ஒன்பது விழுக்காடுதான்.

போர்ட்லாந்து நகரத்துக்காரர்களுக்குப் பிடித்தமான ஒருநாள் கார்ப் பயணம் ஒன்று உண்டு. காலையில் கிழக்கே கிளம்பி, ஆற்றை ஒட்டிய பழைய நெடுஞ்சாலையில் அருவிகளைப் பார்த்துக்கொண்டே ஹூட் ரிவர் என்ற ஊர்வரை போக வேண்டும். அங்கே தெற்கே திரும்பி மலையேறினால், ஹூட் மலையின் தோளில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ் விடுதி வரும். அங்கே சூடாக எதையாவது குடித்துவிட்டு மேற்கே இறங்கினால் இரவுக்குள் ஊர் திரும்பிவிடலாம். நானும் என் கணவரும் அப்படிப் போனபோது, கார் ஓட்டிக்கொண்டிருந்த அவர் ஒரு கேள்வி கேட்டார். “ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறது. அருவிகள் மட்டும் ஏன் இந்தக் கரையிலேயே விழுகின்றன?” நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் எரிமலைக் குழம்பில் தொடங்கி, பனியணை, வெள்ளம், நிலச்சரிவு என்று பலவற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.

முதலில் சாலை. கொலம்பியா நெடுஞ்சாலையின் கட்டுமானம் 1913இல் தொடங்கியது. சாம் ஹில் என்ற தொழிலதிபர் கனவு கண்டார். சாமுவேல் லங்காஸ்டர் என்ற பொறியாளர் அதை வரைந்து கொடுத்தார். அந்தக் காலத்துக் கார்களுக்கு இழுவை குறைவு, பிரேக்கும் அவ்வளவு நம்பகமானதல்ல. ஆகவே, எங்கேயும் சரிவு ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று லங்காஸ்டர் வைத்துக்கொண்டார். நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கிரவுன் பாயின்ட் என்ற முனையிலிருந்து ஆற்றுமட்டத்துக்கு இறங்க ஏறத்தாழ 180 மீட்டர் குறைய வேண்டும். அந்தச் சரிவில் அதைச் சாதிக்க, சாலையை எட்டு வடிவில் மடக்கி மடக்கி இறக்கினார். இன்று அந்த வளைவுகளில் நிதானமாக இறங்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆறு ஒரு புதுக் கோணத்தில் தெரிகிறது. அது தற்செயலாக அமைந்ததல்ல. காட்சிக்காகவே பாதையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

கிரவுன் பாயின்ட் ஆற்றுக்கு மேலே 220 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் உச்சியில் 1918இல் கட்டி முடித்த விஸ்டா ஹவுஸ் என்ற எண்கோண மண்டபம் இருக்கிறது. எல்லோரும் அங்கே காரை நிறுத்திக் கிழக்கே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் பாறையின் கதைதான் எனக்கு அதைவிடப் பெரிது.

ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் கிழக்கே, இன்றைய ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள் சந்திக்கும் வட்டாரத்தில் தரை நீளநீளமாகப் பிளந்தது. நாம் படங்களில் பார்க்கும் கூம்பு வடிவ எரிமலை எதுவும் அங்கே இல்லை. பல கிலோமீட்டர் நீளப் பிளவுகளிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி, தாழ்வான இடங்களைத் தேடி ஓடியது. சில பாய்ச்சல்கள் பசிபிக் கடல்வரை போய்ச் சேர்ந்தன. லட்சக்கணக்கான ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நடந்த இந்தப் பாய்ச்சல்கள், அடுக்கின்மேல் அடுக்காக, இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பை மூடின. மகாராஷ்டிரத்தின் தக்காண எரிமலைப் பாறைகளும் இதே இனம்தான். வயதில் மிக மூத்தவை, அளவிலும் பெரியவை. இந்தக் கரிய பாறைக்குப் பசால்ட் என்று பெயர்.

கிரவுன் பாயின்ட் இருக்கும் இடத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது கொலம்பியா ஆற்றின் பழைய வடிவம். அந்த ஆறு அறுத்துவைத்திருந்த ஆழமான பள்ளத்தாக்கைக் குழம்பு நிரப்பி இறுகியது. வழி அடைபட்ட ஆறு ஒதுங்கிப் போய் வேறு தடம் பிடித்தது. பள்ளமாக இருந்த இடம் கெட்டிப் பாறையாகி நிலைக்க, சுற்றியிருந்த இளகிய பாறை பின்னாளில் அரித்துப் போனது. ஒரு காலத்தில் ஆற்றின் அடிப்படுகையாக இருந்த இடம் இப்போது மலைமுனை. விஸ்டா ஹவுஸின் படிகளில் நிற்பவர்கள் பழைய கொலம்பியாவின் வயிற்றுக்கு நேர் மேலே நிற்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் லாட்டுரல் அருவி. இங்கே சற்று நேரம் செலவிட வேண்டும். ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரமுள்ள இந்த அருவி, பின்னால் குடைந்து போன ஒரு பாறைச் சுவரைத் தொடாமல் நேராக விழுகிறது. அந்தச் சுவர் முழுவதும் தூண்கள். யாரோ செதுக்கி நட்டதுபோல ஐந்து முகம், ஆறு முகமாகப் பட்டை தீட்டிய தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. குழம்பு இறுகிய பிறகும் பல ஆண்டுகள் சூடாகவே இருக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் மெல்ல ஆறும்போது பாறை சுருங்குகிறது. சுருங்கும் பாறையில் இழுவிசை ஏறுகிறது. தாங்க முடியாத கட்டத்தில் விரிசல் விடுகிறது. ஒரு புள்ளியிலிருந்து மூன்று விரிசல்கள் 120 பாகைக் கோணத்தில் பிரிந்தால், மிகக் குறைந்த வெடிப்பில் மிக அதிக இழுவிசை தணிகிறது. அப்படிப்பட்ட புள்ளிகள் பல இணையும்போது அறுகோணங்கள் உருவாகின்றன. பாறை உள்நோக்கி ஆற ஆற, விரிசலும் உள்நோக்கி நகர்கிறது. அதுதான் தூண். கீழ்ப்பகுதி நிதானமாக ஆறுவதால் அங்கே தூண்கள் பருத்தும் நேராகவும் இருக்கின்றன. மேற்பகுதியில் மழைநீரும் ஆற்றுநீரும் விரிசல்களில் புகுந்து வேகமாகக் குளிர்வித்திருந்தால், மெல்லிய தூண்கள் தாறுமாறான திசைகளில் கிடக்கும். ஒரே பாறைச் சுவரில் இந்த இரண்டு அடுக்கையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், வழி நெடுக வரும் ஒவ்வொரு பாறையும் பேசத் தொடங்கிவிடுகிறது. லாட்டுரலில் தூண்கள்மேல் படர்ந்திருக்கும் பளிச்சென்ற மஞ்சள்பச்சைப் பாசிக்காளான் வேறு அழகு சேர்க்கிறது.

பாறை இருந்தால் மட்டும் அருவி வந்துவிடாது. செங்குத்தான சுவர் வேண்டும். அதன் தலையிலிருந்து ஓடை விழ வேண்டும். சாதாரணமாக ஓர் ஓடை, தான் சேரும் பேராற்றின் மட்டத்துக்குத் தன் படுகையை மெல்ல அறுத்துக்கொண்டு வந்துவிடும். காலம் போதுமான அளவு இருந்தால் அருவிகள் தேய்ந்து சரிவுகளாகிவிடும். இங்கே அப்படி நடக்கவில்லை. சின்னச் சின்ன ஓடைகள் அந்தரத்தில் விட்டுவிட்டதுபோல் பாறையின் உச்சியிலிருந்து குதிக்கின்றன. ஓடைகளின் கீழ்ப்பகுதியை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் நடந்ததும் அதுதான்.

மிதந்த அணை

பதினெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகத்தில், கனடாவிலிருந்து ஒரு மாபெரும் பனிப்படலம் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு நாக்கு, இன்றைய ஐடஹோ மாநிலத்தின் வடக்கே, கிளார்க் ஃபோர்க் என்ற ஆற்றின் குறுக்கே வந்து படுத்தது. ஆற்றுக்குப் போக்கு இல்லை. பனிச்சுவரின் உயரம் சுமார் 600 மீட்டர். அதற்குப் பின்னால், மான்டானா மாநிலத்தின் பள்ளத்தாக்குகள் நிரம்பி, மிசூலா ஏரி என்று புவியியலாளர்கள் அழைக்கும் நீர்த்தேக்கம் உருவானது. இரண்டாயிரம் கன கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீர். அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஈரி, ஒன்டாரியோ இரண்டையும் சேர்த்தால் வரும் அளவு.

மண்ணாலோ கல்லாலோ கட்டிய அணை, தண்ணீர் அதன் தலைக்கு மேலே வழிந்தால் உடையும். பனியணைக்கு அந்த நிலை வரவே வராது. பனியின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்குதான். 600 மீட்டர் பனிக்குப் பின்னால் தண்ணீர் ஏறத்தாழ 540 மீட்டரை எட்டும்போதே, பனியைத் தூக்கிப்பிடிக்கும் விசையும் பனியின் எடையும் சமமாகிவிடுகின்றன. அணையின் தலை இன்னும் தண்ணீருக்கு வெளியே அறுபது மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் பாதம் தரையைவிட்டுக் கிளம்பத் தொடங்கிவிடும். அந்த இடுக்கில் தண்ணீர் பாய்கிறது. பாயும் தண்ணீரின் உராய்வு வெப்பம் பனியை உருக்குகிறது; இடுக்கு சுரங்கமாகிறது; சுரங்கம் அகலமாக அகலமாகப் பாய்ச்சல் கூடுகிறது; பாய்ச்சல் கூடக் கூட உருகலும் கூடுகிறது. கடைசியில் அணை துண்டு துண்டாகச் சிதறுகிறது.

ஏரி இரண்டு மூன்று நாட்களில் காலியாகிவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உச்சக் கட்டத்தில் பாய்ந்த நீரின் அளவு, இன்று உலகிலுள்ள எல்லா ஆறுகளின் ஓட்டத்தையும் கூட்டினால் வருவதைப்போலப் பல மடங்கு. குறுகலான இடங்களில் அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டியது. கிழக்கு வாஷிங்டனின் சமவெளிகளில் மேல்மண்ணை வழித்தெடுத்து, பசால்ட் பாறையைத் தூண் தூணாகப் பிடுங்கி எறிந்து, அந்த வெள்ளம் மேற்கே ஓடியது. கடலுக்குப் போக அதற்கு இருந்த ஒரே வாசல், கேஸ்கேட் மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் இந்தக் கொலம்பியா பள்ளத்தாக்குதான். மலைத்தொடர் உயர்ந்துகொண்டிருந்தபோதே ஆறு விடாமல் அறுத்துவைத்த இடைவெளி அது.

இந்த இடுக்கில் வெள்ளம் கிரவுன் பாயின்டின் உயரத்தை நெருங்கியது. அதற்கு முன்பு பள்ளத்தாக்கின் ஓரங்கள் ஓரளவு சாய்வாக இருந்தன. மலைச் சரிவுகளின் அடிவாரங்கள் ஆற்றைநோக்கி நீண்டிருந்தன. ஓடைகள் அந்தச் சாய்வுகளின்மேல் வழிந்து ஆற்றில் சேர்ந்தன. வெள்ளம் அந்த அடிவாரங்களையும், அங்கே குவிந்திருந்த உதிர்ந்த கற்களையும் துடைத்தெடுத்துவிட்டுச் செங்குத்துச் சுவரை மட்டும் விட்டுவைத்தது. தங்கள் கடைசித் தொலைவை இழந்த ஓடைகள் சுவரின் உச்சியில் தொங்கிக்கொண்டு நின்றன. இப்படிப்பட்டவற்றைத் தொங்கு பள்ளத்தாக்கு என்கிறார்கள். அருவிகளை அந்த ஓடைகள் உருவாக்கவில்லை. வேறொரு தண்ணீர் வெட்டிவைத்த சுவரில் அவை விழுகின்றன, அவ்வளவுதான்.

இது ஒரு தடவையோடு முடியவில்லை. அணை உடைந்த பிறகும் பனிப்படலத்தின் நகர்வு நிற்கவில்லை. நாக்கு மறுபடியும் ஆற்றை அடைக்க, ஏரி மறுபடியும் நிரம்ப, பத்தில் ஒன்பது பங்கு உயரம் வந்ததும் அணை மறுபடியும் மிதந்தது. சில பத்தாண்டுகளுக்கு ஒரு தடவை என்று, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இது தொடர்ந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலாவுக்கு அருகே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1926இல் பாசனக் கால்வாய் ஒன்றின் தண்ணீரைத் திருப்பிவிட்டபோது, அது சில நாட்களிலேயே ஒரு ஆழமான பள்ளத்தை அறுத்துவிட்டது. அந்தப் பள்ளத்தின் சுவரில் வண்டல் அடுக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒவ்வொரு அடுக்கும் கீழே கரடாகத் தொடங்கி மேலே நைசாக முடிகிறது, அதாவது வேகமாக வந்த நீர் தேங்கி வடிந்த அடையாளம். ரிச்சர்ட் வெயிட் என்ற புவியியலாளர் 1980இல் அவற்றை ஆராய்ந்து, சுமார் 40 அடுக்குகள் சுமார் 40 தனித்தனி வெள்ளங்களைக் குறிக்கின்றன என்று வாதிட்டார்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர், கிழக்கு வாஷிங்டனின் வறண்ட பாறைவெளிகளில் பல கோடைகள் நடந்து திரிந்துவிட்டு, இவற்றைச் செதுக்கியது ஒரு பெருவெள்ளம் என்று 1923இல் எழுதினார். நிலத்தை வடிவமைப்பது மெதுவான, அன்றாடச் செயல்கள்தான் என்று புவியியல் அரும்பாடுபட்டு நிலைநாட்டிய காலம் அது. திடீர்ப் பெருவெள்ளம் என்றதுமே, மதநூல் வெள்ளக் கதைகளை அறிவியலுக்குள் கொண்டுவரும் முயற்சியோ என்று மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1927இல் வாஷிங்டன் நகரில் நடந்த கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரை மறுத்தார்கள். அவர்கள் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? பிரெட்ஸிடம் அப்போது உறுதியான விடை இல்லை. மிசூலா ஏரியைப் பற்றி முன்பே எழுதியிருந்த ஜோசப் பார்டீயும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அந்த ஏரியின் தரையில் பத்து மீட்டர் உயரம்வரை எழும் மாபெரும் அலைத்தடங்கள் இருப்பதையும், ஏரி அதிவேகமாக வடிந்ததற்கு அவை சான்று என்பதையும் 1942இல்தான் அவர் வெளியிட்டார். ஓடைமணலில் விரற்கடை உயரத்தில் நாம் பார்க்கும் அதே அலைத்தடம்தான். பெரிதாக இருந்ததால், அருகில் நின்றவர்களுக்கு அது வெறும் மேடு பள்ளமாகவே தெரிந்தது. பிரெட்ஸுக்கு அமெரிக்கப் புவியியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் 1979இல் கிடைத்தது. அப்போது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். நேரில் பார்த்த சான்றைவிட்டு அவர் நகரவே இல்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் தொடும் பகுதி.

வெள்ளத்தோடு பனிப்பாறைகளும் மிதந்து வந்தன. அவற்றுக்குள் உறைந்திருந்த கருங்கற்கள், பனி உருகிய இடங்களில் எல்லாம் இறங்கின. போர்ட்லாந்துக்குத் தெற்கே கிடைத்த பதினைந்து டன் எடையுள்ள வில்லமெட் விண்கல்லும் அப்படிப் பனியில் பயணம் செய்து வந்ததுதான். கிளாக்கமஸ் பழங்குடியினர் அதைப் புனிதமாகப் போற்றினார்கள். இப்போது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

189 மீட்டர்

மல்ட்னோமா அருவிக்கு வந்ததும் கூட்டம் கூடிவிடுகிறது. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அருவி அதற்குத் தகுதியானது. மொத்த உயரம் 189 மீட்டர். மேலருவி 165 மீட்டர் விழுந்து ஒரு குளத்தில் சேர்கிறது. அங்கிருந்து சிறிது ஓடிக் கீழருவியாக மீண்டும் 21 மீட்டர் விழுகிறது. இரண்டு படிகளுக்கும் இடையே, கீழருவியின் தலைக்கு மேலே, 1914இல் கட்டிய பென்சன் பாலம் நிற்கிறது. இரண்டு படியாக ஆனதற்குக் காரணம் எரிமலை அடுக்குகள். ஒரு பாய்ச்சலின் மேற்பரப்பு குமிழிகளும் உடைசல்களுமாக நொய்மையாக இருக்கும்; அதன் நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். இரண்டு பாய்ச்சல்கள் சந்திக்கும் நொய்மையான இடத்தைத் தண்ணீர் விரைவாக அரித்துத் திண்ணையாக்கிவிட்டது.

அதே நொய்மையான அடுக்குகள்தான் கோடையிலும் அருவி வற்றாமல் இருப்பதற்கு உதவுகின்றன. ஓடை, பின்னால் இருக்கும் லார்ச் மலை என்ற பழைய எரிமலையிலிருந்து வருகிறது. குளிர்கால மழையும் பனியும் பாறையின் விரிசல்களிலும் குமிழி அடுக்குகளிலும் இறங்கித் தேங்கி, ஊற்றுகளாக ஆண்டு முழுவதும் கசிகின்றன.

பாலத்தில் நின்றால் முகத்தில் சாரல் அடிக்கும், அதைவிடப் பலமாகக் காற்று அடிக்கும். 165 மீட்டர் உயரத்திலிருந்து காற்றுத் தடையில்லாமல் ஒரு பொருள் விழுந்தால், அடியைத் தொடும்போது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் இருக்கும். அருவி அந்த வேகத்தில் விழுவதில்லை. தண்ணீர்ப் பட்டை வழியிலேயே கிழிந்து துளிகளாகிறது. தனித் துளி, எவ்வளவு பெரியதானாலும், காற்றில் மணிக்கு முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகத்துக்கு மேல் போகாது. பெரிய திரள்கள் அதைவிட வேகமாக இறங்கும். இப்படித் தண்ணீர் இழக்கும் வேகமெல்லாம் காற்றுக்குப் போகிறது. தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்து வந்து குளத்தில் மோதச் செய்கிறது. அந்தக் காற்றுக்குப் போக வேறு வழியில்லாமல் பார்வையாளர்கள்மேல் திரும்புகிறது.

விழும் நீரின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவும் மாற வேண்டும். இயந்திர வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று காட்டிய ஜேம்ஸ் ஜூல் 1847இல் திருமணம் செய்துகொண்டார். மனைவியோடு ஆல்ப்ஸ் மலைக்குத் தேனிலவு போனவர், அருவியின் மேலும் கீழும் நீரின் வெப்பநிலையை அளக்க விரும்பினார் என்று, அவரை வழியில் சந்தித்த வில்லியம் தாம்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கெல்வின் பிரபு என்று நாம் அறிந்த அதே தாம்சன். மேலருவியின் 165 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் வெப்பநிலை உயர்வு 0.4 பாகை செல்சியஸைக்கூடத் தொடாது. சாரலாகிச் சிதறும் நீர் ஆவியாகிக் குளிர்வதால் அந்தச் சிறு உயர்வும் மறைந்துவிடும். இதை நான் சொன்னதும், அமீலியா ஜூல் அந்தப் பயணத்தில் என்ன நினைத்திருப்பார் என்று என் கணவர் கேட்டார். தேனிலவில் ஒரு பேருண்மைக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

அருவியின் பின்சுவர் கிண்ணம்போல் உள்வாங்கியிருப்பதைக் கவனிக்கலாம். சாரல் எப்போதும் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் விரிசல்களில் உறைகிறது. உறையும்போது அதே ஒன்பது விழுக்காடு விரிவு. ஐடஹோவில் 600 மீட்டர் அணையைத் தூக்கிய அதே பண்பு, இங்கே மயிரிழை விரிசலுக்குள் ஆப்பாக இறங்கிப் பாறையைப் பிளக்கிறது. அடிப்பகுதி உதிர்ந்தால் மேற்பகுதி தாங்கலின்றித் தொங்கும். ஒரு நாள் அதுவும் விழும். 1995 செப்டம்பர் 4 அன்று, ஏறத்தாழ 400 டன் எடையுள்ள, பஸ் அளவுப் பாறை ஒன்று மேலருவிச் சுவரிலிருந்து பெயர்ந்து குளத்தில் விழுந்தது. அப்போது பாலத்தில் ஒரு திருமணக் குழுவினர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீரும் சரளையும் இருபது மீட்டர் உயரம் எழுந்து அவர்கள்மேல் கொட்டின. நல்லவேளையாக எல்லோரும் சிறு காயங்களோடு தப்பினார்கள். ஆகவே வேலிக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்ற அறிவிப்புகளை மதிக்க வேண்டும். அருவி இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி, இரண்டு கரைகளின் கேள்வி. இங்கே பாறை அடுக்குகள் சமதளமாக இல்லை. சில பாகை தெற்குநோக்கிச் சாய்ந்திருக்கின்றன. கெட்டியான பசால்ட்டுக்கு அடியில் பழைய எரிமலைச் சாம்பல் மட்கிய களிமண் அடுக்கு ஒன்று இருக்கிறது. மழைநீர் பசால்ட்டின் விரிசல்கள் வழியே இறங்கி அந்தக் களிமண்ணை வழவழப்பாக்குகிறது. வடகரையில் அந்தச் சாய்வு ஆற்றை நோக்கி இருக்கிறது. அதனால் மேலிருக்கும் பசால்ட் கூட்டம்கூட்டமாக வழுக்கி ஆற்றை நோக்கிச் சரிந்திருக்கிறது. தென்கரையில் அதே சாய்வு மலைக்கு உள்ளே போகிறது. பாறை வழுக்க வழியில்லாமல் சுவராக நிற்கிறது. வெள்ளம் இரண்டு பக்கமும்தான் அறுத்தது. அறுத்த சுவரைக் காப்பாற்றி வைத்திருப்பது தென்கரைதான். சொல்லப்போனால் வடகரையின் சரிவு அண்மைக் காலம்வரை நடந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே பெயர்ந்த பானவில் நிலச்சரிவு ஆற்றையே அடைத்து, சில காலம் மனிதர்கள் கால்நனையாமல் கடக்கும் நிலப்பாலமாக நின்றது. இப்பகுதிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபில் அது தெய்வங்களின் பாலமாக வாழ்கிறது.

மரங்கள் முடியும் இடம்

ஹூட் ரிவர் ஊருக்குள் நுழையும்போதே காடு மெலிந்துவிடுகிறது. கடற்காற்று கேஸ்கேட் மலைகளில் ஏறும்போது மேற்குப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கேஸ்கேட் லாக்ஸ் என்ற ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் கிழக்கே இருக்கும் தி டால்ஸ் ஊரில் நானூறைக்கூடத் தொடுவதில்லை. கேரளத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் இறங்கியவர்களுக்கு இந்த மழை மறைவு புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாயில் காற்று திரண்டு பாய்வதுபோலவே, இந்த மலைத்தொடரின் ஒரே தாழ்வான வாசலிலும் கோடையில் மேலைக்காற்று குவிந்து பாய்கிறது. ஹூட் ரிவரில் ஆறு முழுக்கப் பாய்மரப் பலகைகள் தென்படுவது அதனால்தான்.

அங்கே தெற்கே திரும்பினால் பேரிக்காய்த் தோட்டங்கள். அவற்றுக்கு மேலே ஹூட் மலை, 3,425 மீட்டர். பசால்ட் கொட்டிய பிளவுகளுக்கும் இந்த மலைக்கும் நேரடி உறவு இல்லை. பசிபிக் கரையோரமாக ஹுவான் டி ஃபூகா என்ற சிறிய புவித்தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. கடலடிப் பாறை தன் கனிமங்களுக்குள் தண்ணீரைப் பூட்டி எடுத்துச்செல்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அந்தத் தண்ணீரைப் பிழிந்தெடுக்க, அது மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஊடுருவுகிறது. தண்ணீர் கலந்தால் பாறையின் உருகுநிலை குறையும். வெப்பம் கூடாமலேயே பாறை உருகத் தொடங்குகிறது. உருகியது லேசானது, மேலேறுகிறது.

டிம்பர்லைன் விடுதிக்கு ஏறும் வழியில் மரங்கள் குட்டையாகிக்கொண்டே வருவதைக் காரிலிருந்தே பார்க்கலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் காற்று சுமார் ஆறரை பாகை குளிர்கிறது. வளர்ச்சிக்காலத்தின் சராசரி வெப்பநிலை ஆறு பாகை செல்சியஸுக்குச் சற்று மேல் இல்லாவிட்டால் மரம் தண்டை வளர்த்து நிமிர முடியாது. உலகம் முழுவதும் மர எல்லை இந்த வெப்பநிலையை ஒட்டியே அமைகிறது. மரம் ஒளிச்சேர்க்கை செய்ய முடிந்தாலும், சேர்த்த உணவைக் கொண்டு புதுத் திசு கட்ட முடிவதில்லை. எல்லையில் நிற்பவை காற்றுக்குத் தலைகுனிந்து, ஒரு பக்கம் மட்டும் கிளைவிட்டு, பனிப் போர்வைக்குள் பதுங்கிப் பிழைக்கின்றன.

அந்த எல்லையில்தான் விடுதி. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையிழந்தவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தில், 1936இல் கட்டத் தொடங்கினார்கள். கல் அடுக்கியதும், உத்தரம் செதுக்கியதும், திரைச்சீலை நெய்ததும் அந்தத் தொழிலாளர்கள்தான். தந்திக் கம்பங்களைச் செதுக்கி மாடிப்படித் தூண்களின் தலையில் விலங்கு உருவங்களாக்கினார்கள். கூடத்தின் நடுவே அறுகோணக் கற்புகைபோக்கி கூரையைத் தாண்டி எழுகிறது. லாட்டுரலின் அறுகோணங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் இனிய ஒற்றுமை. கூரை செங்குத்தாக இருப்பது குளிர்காலத்தில் பத்து மீட்டருக்கும் அதிகமாகக் கொட்டும் பனிக்காக. 1937 செப்டம்பர் 28 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் கீழே பானவில் அணையைத் திறந்துவைத்துவிட்டு, அதே நாளில் மலையேறி வந்து இந்த விடுதியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆறும் விடுதியும் ஒரே நாளில் என்ற இந்தப் பயணத்தை அவரும் செய்திருக்கிறார்.

விடுதிக்கு மேலே தெற்குச் சரிவு வழவழவென்று சீராக இருப்பதால்தான் பனிச்சறுக்குக்காரர்கள் இங்கே குவிகிறார்கள். அந்தச் சீர்மை எரிமலை தந்தது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பு, உச்சிக்குக் கீழே பிசுபிசுப்பான குழம்பு குவிமாடமாகத் திரண்டு திரண்டு சரிந்தது. சூடான கல்லும் சாம்பலும் இறங்கி மலையின் தென்பக்கத்தை விசிறிபோல் நிரப்பின. விடுதி நிற்பது அந்த விசிறியின்மேல். 1780களில் மலை மறுபடியும் விழித்தது. அப்போது இறங்கிய சேற்றுப் பாய்ச்சல்கள் சாண்டி ஆற்றின் வழியாகக் கொலம்பியா வரை மணலைக் கொண்டுபோயின. 1805 நவம்பரில், அமெரிக்க அரசு மேற்கை ஆராய அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணக் குழு அங்கே வந்தபோது, ஆழமில்லாத சாண்டி ஆற்றைக் கடக்க முயன்ற கிளார்க்கின் கால் புதைமணலில் இறங்கியது. மணல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. கிழக்கே வைட் ரிவர் இன்றும் அதே தளர்ந்த சாம்பலை இறக்கிக்கொண்டிருக்கிறது. 2006 நவம்பர் மழையில் அது நெடுஞ்சாலையை அடித்துக்கொண்டு போனது.

மலை அணையவில்லை. உச்சிக்குக் கீழே கிரேட்டர் ராக் என்ற பாறைத் திரளைச் சுற்றி இன்றும் ஆவித்துளைகள் கந்தக வாடையோடு புகைகின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கருவிகள் சரிவுகளில் நின்று சிறு அதிர்வுகளையும் வாயுக்களையும் கவனித்துவருகின்றன. பகல் வெயிலில் அந்த ஆவி கண்ணுக்கு எளிதில் அகப்படாது. காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும் விடியற்காலையில்தான் நீராவி வெண்மையாகத் திரளும். ஆகவே வசதி இருப்பவர்கள் அன்றிரவே ஊர் திரும்பாமல் விடுதியில் தங்கி, காலையில் எழுந்ததும் வடக்குப் பக்கச் சன்னலைத் திறந்து பார்ப்பது நல்லது.